சைஸ் இல்லாத பக்கம்

"பக்கத்தோட சைஸ் என்ன தம்பி? ஏ4-ஆ, டெமியா, கிரவுனா?"

சிவகாசி வட்டாரத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு வலைப்பக்கத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தர உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். மற்ற ஊர்களில் எவ்வளவு செலவாகும் என்றுதான் தொடங்குவார்கள். இங்கே அச்சு முந்திக்கொள்ளும். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; பிறகு பட்டாசுக்கு. லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் காலண்டர், டைரி, நோட்டுப்புத்தகம் என்று கிளை விட்டன. பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும் அச்சகத்தில் ஒரு மச்சான் இருக்கிற ஊர் அது. தாளின் அளவு தெரியாமல் ஒரு நோட்டீஸுக்குக்கூட லேஅவுட் போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தொழில் தெரிந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

பதில்தான் வில்லங்கம். வலைப்பக்கத்துக்குச் சைஸே கிடையாது. ஒருவர் உள்ளங்கை அகலப் போனில் பார்ப்பார், இன்னொருவர் மேசைக் கணினியில் பார்ப்பார், மூன்றாமவர் கண்ணாடியைத் தேட அலுத்துக்கொண்டு எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருப்பார். எல்லோருக்கும் போவது ஒரே பக்கம். அதற்கு அளவு குறிக்க முயன்றவர்கள் எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இணையத்தின் வரலாற்றில் பாதி அந்தக் கதைதான்.

அச்சகத்து வழக்கம் ஒன்றை வைத்து இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஈய எழுத்துக் காலத்தில் கையெழுத்துப் பிரதி அப்படியே அச்சேறாது. ஒருவர் அதன் மேல் சிவப்பு மையால் குறிப்பு எழுதுவார்: இது தலைப்பு, இது பத்தி, இதைத் தடித்த எழுத்தில் போடு. அந்தக் குறிப்பைப் பார்த்துக் கம்பாசிட்டர் எழுத்துக் கோப்பார். வலைப்பக்கம் என்று நாம் அனுப்புவது அந்தச் சிவப்பு மை போட்ட பிரதியைத்தான். கோத்து முடித்த பக்கத்தை யாரும் அனுப்புவதில்லை. கம்பாசிட்டர் வாடிக்கையாளரின் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். பிரவுசர் என்று நாம் சொல்வது அவரைத்தான். தன்னிடம் என்ன தாள் இருக்கிறதோ, என்ன எழுத்து இருக்கிறதோ, அதற்கேற்ப அவர் அங்கேயே கோத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் புதிதாக.

இது தற்செயலாக அமைந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் இந்த யோசனையை எழுதிக் கொடுத்தபோது, அங்கே வேலை செய்த விஞ்ஞானிகளிடம் இருந்த கணினிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. அவர் முதல் பிரவுசரை எழுதியது நெக்ஸ்ட் என்ற விலையுயர்ந்த கணினியில். அது மிகச் சிலரிடமே இருந்தது. ஆகவே நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, வெறும் எழுத்து மட்டுமே தெரியும் சாதாரணத் திரைகளுக்கும் ஒரு பிரவுசர் எழுதினார். ஆக 1991ல் உலகளாவிய வலை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டபோதே ஒரே பக்கம் இரண்டு விதத் திரைகளில் இரண்டு விதமாகத் தெரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த குறிகள் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இன்னொரு பக்கத்துக்குத் தொடுப்பு என்று சொன்னதோடு சரி. எத்தனை அங்குலம், என்ன நிறம் என்ற பேச்சே இல்லை.

கடைக்காரர்களுக்கு அது போதுமா? போதாது. நிறம் வேண்டும், எழுத்துப் பெரிதாக வேண்டும், படம் இடப்பக்கம் வரவேண்டும். 1994 அக்டோபரில் ஹோகன் வியும் லீ என்ற நார்வேக்காரர், அவரும் செர்னில் இருந்தவர்தான், தோற்றத்தைத் தனியாக எழுதிவைக்க ஒரு முறையை முன்மொழிந்தார். இன்று சிஎஸ்எஸ் என்கிறோம். அவருடைய முதல் வரைவில் ஓர் அழகான விஷயம் இருந்தது. தலைப்பு எழுத்து 24 பாயிண்ட் வேண்டும் என்று எழுதினால், அதன் பக்கத்தில் எத்தனை சதவீதம் வேண்டும் என்றும் எழுதலாம். 100 என்றால் கட்டாயம். 40 என்றால் படிப்பவரின் விருப்பத்தையும் கலந்து முடிவெடுத்துக்கொள். எழுதுகிறவரும் படிக்கிறவரும் பேரம் பேசிக்கொள்வதையே ஒரு விதியாக வைத்திருந்தார். சதவீதம் பிறகு கைவிடப்பட்டது. பேரம் மட்டும் நிலைத்தது: இன்றும் சிஎஸ்எஸில் நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு வேண்டுகோள். கடைசிச் சொல் போனை வைத்திருப்பவருடையது.

சிஎஸ்எஸ் 1996 டிசம்பரில்தான் தரநிலையானது. அது பிரவுசர்களில் ஒழுங்காக வேலை செய்ய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வடிவமைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. கணக்கு எழுதுவதற்காக வந்த கட்டங்களை எடுத்து, கோடுகளை மறைத்து, அதற்குள் பக்கத்தைப் பூட்டினார்கள். இடைவெளி வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து வைத்தார்கள். அகலம் 800 புள்ளி என்று பக்கங்களின் அடியில் எழுதிவைத்த காலம் அது. நோட்டீஸ் போட்டுப் பழகிய கை, திரையிலும் நோட்டீஸ்தான் போட்டது. ஜான் ஆல்சோப் என்ற ஆஸ்திரேலியர் 2000ல் ஒரு கட்டுரை எழுதி, தாளின் பழக்கத்தை விடுங்கள், திரையின் நெகிழ்வை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மன்றாடிப் பார்த்தார்.

2007ல் ஐபோன் வந்தது. உள்ளங்கை அளவு திரை. இருக்கிற பக்கங்களோ மேசைக் கணினிக்கென்று பூட்டப்பட்டவை. ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது: பக்கம் ஒன்றும் சொல்லாவிட்டால், திரை 980 புள்ளி அகலம் என்று பாவித்துக்கொண்டு அதில் கோத்து, பிறகு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டு. மற்ற போன்களும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு கடையின் பக்கம் போனில் கடுகு கடுகாகத் தெரிந்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். அதைச் சரிசெய்யப் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி வேண்டும்: "உன் திரையின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்." வியூபோர்ட் வரி என்பார்கள். இதை அறியாமல் பக்கம் செய்து கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். 2010ல் ஈதன் மார்க்காட் என்ற வடிவமைப்பாளர் சில உத்திகளைச் சேர்த்து, ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தகவமையும் முறைக்கு ஒரு பெயரும் இலக்கணமும் கொடுத்தார். இன்று புதிதாகச் செய்யும் பக்கங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன.

கற்றுக்கொடுக்கும்போது இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. மடிக்கணினியில் ஒரு நல்ல பக்கத்தைத் திறந்து, பிரவுசர் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினால் போதும். மூன்று பத்தியாக நின்றது இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். வரிகள் உடைந்து கீழே இறங்கும். படம் சுருங்கி எழுத்துக்கு மேலே ஏறி உட்காரும். அச்சுத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர் அதைப் பார்க்கும் பார்வை தனி. எத்தனை தரம் எழுத்துக் கோப்பது என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரியும்.

எழுத்து என்றதும் தமிழுக்கு வந்தாக வேண்டும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020ல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் யாராவது தேடுவார்கள். அவருடைய நோட்டீஸ் வாசகம் அச்சகத்துக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பார். ஒட்டிப் பார்த்தால் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

காரணம் இது. டிடிபிக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்திவரும் பாமினி போன்ற எழுத்துருக்களில் உண்மையில் தமிழ் இல்லை. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்; அவற்றின் முகத்தில் தமிழ் வரையப்பட்டிருக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல்லைக் கணினி ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமித்திருக்கும். அதே எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். தாளில் அச்சாகிவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை, மை மையாக ஒட்டிக்கொள்ளும். வேறொருவரின் போனுக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்களைப் படிக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துருவை இறக்கி நிறுவிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அதே நோய்தான் அதுவும்.

யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் கதை வேறு. அதன் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 'கடலைமிட்டாய்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடுகள்: மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. நெட்டில் போகும்போது தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ஆக 36 பைட். இதில் 'லை'யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாம் எழுதும்போது ஐகாரக் கொம்பு முன்னால், 'ல' பின்னால். கோப்பில் தலைகீழ்: முதலில் 'ல', பிறகு கொம்பு, உச்சரிக்கும் வரிசையில். அதைத் தூக்கி முன்னால் வைப்பது போனுக்குள் இருக்கும் கம்பாசிட்டர். ஒரு பக்கத்தில் வரும் ஒவ்வொரு 'லை'யும் 'கொ'வும் வாடிக்கையாளர் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் கோக்கப்படுகின்றன. நாம் எழுத்தைக்கூட அனுப்புவதில்லை, எழுத்துக்கான குறிப்பைத்தான் அனுப்புகிறோம்.

அடுத்து நிறம். இதில் சிவகாசிக்காரர்களோடு விவாதம் செய்வது சுலபமில்லை. பட்டாசு லேபிளின் சிவப்பும் மஞ்சளும் அவர்கள் கண்ணுக்குப் பழகியவை. ஆனால் தாளில் நிறம் உண்டாகும் விதம் வேறு. மை, தாளின் வெள்ளையிலிருந்து ஒளியைக் கழிக்கிறது. திரை, இருட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கூட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிறங்கள். இந்த மூன்று ஒளிகளையும் நம் கண் சமமாக மதிப்பதில்லை. ஒரு நிறத்தின் வெளிச்சத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் பச்சைக்கு 71.52 சதவீதம், சிவப்புக்கு 21.26, நீலத்துக்கு வெறும் 7.22. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. அதனால் வெள்ளைக்கு அடுத்த வெளிச்சம் அதற்கு. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து காணாமல் போவது அதனால்தான்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று உலகளாவிய இணையக் கூட்டமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் 21, அதுதான் உச்சம். சாதாரண எழுத்துக்கு 4.5-க்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்துக்கு 3 போதும். இந்த 4.5 எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. இயல்பான பார்வைக்கு 3 போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். 80 வயதுக்காரர் ஒருவருக்குப் பொதுவாக இருக்கக்கூடிய மங்கலான பார்வைக்கு ஈடுகட்ட அதை ஒன்றரையால் பெருக்கினார்கள். ஆக, அந்த எண்ணுக்குள் ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நம் லேபிளுக்கு வருவோம். தூய சிவப்பின் மேல் தூய மஞ்சள்: 3.7. கடையின் பெயரைப் பெரிதாகப் போட அது போதும்; அதே நிறத்தில் சிறிய எழுத்தில் விலையையும் எடையையும் போட்டால் தேறாது. பச்சையின் மேல் சிவப்பு 2.9, நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம். கறுப்பின் மேல் மஞ்சள் 19.6. மொட்டை வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று போனைப் பார்க்கிறவருக்கு இந்த எண்கள் எல்லாம் இன்னும் இறங்கும். சிவப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த எழுத்து எதன் மேல் என்பதுதான் கேள்வி.

படங்களுக்குப் போவோம். அச்சுக்குப் படம் கொடுத்துப் பழகியவர்கள் நல்ல பிள்ளைகளாக ஹை ரெசல்யூஷன் படமே கொண்டுவருவார்கள். தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பாலபாடம். போன் கேமரா எடுக்கும் 1.2 கோடிப் புள்ளிப் படம் தாளில் 13 அங்குல அகலம் வரை தாங்கும். அதையே பக்கத்தில் ஏற்றினால், 4,000 புள்ளி அகலப் படத்தை வாங்கிக்கொண்டு போன் தன் ஆயிரத்துச் சொச்சம் புள்ளித் திரையில் சுருக்கிக் காட்டும். மீதி எல்லாம் வந்து சேர்ந்து வீணாவது.

படம் சுருங்கும் விதத்தில் ஒரு பெரிய விநோதம் இருக்கிறது. புள்ளி ஒன்றுக்கு 3 பைட் என்றால் அந்தப் படம் 3.6 கோடி பைட் இருக்க வேண்டும். போனில் அது 40 லட்சம் பைட் அளவில்தான் இருக்கும். மீதி எங்கே? ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாக நறுக்குகிறது. ஒவ்வொரு சதுரத்தின் 64 எண்களையும், சீராக ஏறி இறங்கும் 64 அலை வடிவங்களின் கலவையாக மாற்றி எழுதுகிறது. இதற்கான கணிதத்தை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1972ல் இதற்கு ஆய்வு நிதி கேட்டார், கிடைக்கவில்லை. இருந்தும் விடாமல் டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் வெளியிட்டார். இன்று உலகில் ஓடும் படமும் வீடியோவும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

கடலைமிட்டாயை ஒரு வெள்ளைத் துணி மேல் வைத்துப் படம் எடுத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். துணிப் பகுதியில் ஒரு சதுரத்தின் 64 எண்களும் ஏறக்குறைய ஒன்றே. அலைகளாக மாற்றினால் ஓர் எண் மட்டும் மிஞ்சும், மற்றவை பூஜ்ஜியமாகும். வெல்லப்பாகு பளபளக்கும் இடத்தில் சில எண்கள் தேவைப்படும். கடலைப் பருப்பின் தோலும் பிளவும் நெருங்கும் இடத்தில் நிறைய வேண்டும். அங்கேயும் மிக நுண்ணிய அலைகளை ஜேபெக் வெட்டி எறிந்துவிடும். நம் கண் அவற்றைக் கவனிப்பதில்லை. நிற மாற்றங்களைக் கண் இன்னும் மந்தமாகத்தான் பார்க்கிறது என்பதால் நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கிறார்கள். கூர்மையான ஓரங்கள் மட்டும் அதற்கு ஆகாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து இருக்கும் நோட்டீஸை ஜேபெக்காக மாற்றினால், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். அதை நாலு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்பி வந்தால் கேட்கவே வேண்டாம்.

திரையின் அளவுக்குச் சுருக்கிய படம் 2 லட்சம் பைட்டில் அடங்கும். 40 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் வாடிக்கையாளருக்கு என்ன வித்தியாசம்? இங்கே தூரமும் குறுக்கே வருகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மலிவாகக் கிடைத்தது என்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு சர்வரில் பக்கத்தை வைத்தால், சென்னையிலிருந்து நேர்கோட்டிலேயே 14,000 கிலோமீட்டர் அளவு. போய்வர ஒளிக்கே 140 மில்லிநொடி; கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. அது ஒரு முறை போய்வர. வணக்கம் சொல்லி இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, பூட்டுக் குறிக்கான ரகசியச் சாவியை மாற்றிக்கொள்ள ஒரு முறையாவது, பிறகுதான் பக்கத்தைக் கேட்க. முதல் எழுத்து வருவதற்குள் அரை நொடி ஓடிவிடும். சர்வர் மும்பையிலோ சென்னையிலோ இருந்தால் இந்தத் தாமதம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேட்ட பிறகும் சர்வர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாது. பாதை எப்படி இருக்கிறது என்று தெரியாததால் முதலில் 10 பொட்டலம் அனுப்பும்; ஒன்றில் 1,460 பைட், ஆக மொத்தம் 14,600. வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்தால் அடுத்து 20, பிறகு 40. இந்த எச்சரிக்கைக்கு ஒரு பழைய விபத்து காரணம். 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைப்பு நெரிசலில் சிக்கியது. இரண்டுக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது. எல்லாக் கணினிகளும் பதில் வராத பொட்டலத்தை மறுபடி மறுபடி அனுப்பியதில் வந்த வினை. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, 1988ல் மெதுவாகத் தொடங்கி இரட்டிப்பாக்கும் இந்த முறையைத் தந்தார். இதன்படி கணக்குப் போட்டால், தடங்கலே இல்லாத பாதையிலும் 2 லட்சம் பைட் படம் வந்துசேர 4 சுற்று. 40 லட்சத்துக்கு 9 சுற்று. பாதை குறுகலான கிராமத்து டவரில் அது எங்கேயோ போய் நிற்கும். கடையின் பெயர், என்ன விற்கிறோம், விலை, போன் நம்பர் ஆகியவற்றை மட்டும் எழுத்தாகப் போட்டால் முதல் 14,600 பைட்டிலேயே எல்லாம் அடங்கிவிடும். வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் வேண்டியதும் அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிலர் கேட்பார்கள்: "அதெல்லாம் சரி தம்பி, எங்க நோட்டீஸ் நல்லாத்தானே இருக்கு, அதையே ஒரு படமாப் போட்டுட்டா என்ன?" சிறு கடைகளின் பக்கங்களில் நான் அதிகம் காணும் தவறு இதுவே. பார்க்க அழகாக இருக்கும். போன் நம்பரைத் தட்டினால் அழைப்புப் போகாது. அது நம்பர் இல்லை, நம்பரின் படம். முகவரியை நகலெடுத்து வரைபடத்தில் ஒட்ட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடைந்து இறங்காது, திரைக்கு வெளியே ஓடும். தேடுபொறிகள் படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஓரளவு ஊகிக்கலாம். அந்த ஊகத்தை நம்பிக் கடை நடத்த முடியாது. 'கடலைமிட்டாய்' என்று ஒருவர் தேடும்போது நம் பக்கம் வர, அந்த 36 பைட்டும் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

பக்கத்தைப் பார்க்காமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பக்கத்தைக் குரலாகக் கோக்கிற கம்பாசிட்டர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006ல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் உண்டு. நோட்டீஸைப் படமாகப் போட்ட பக்கத்தைத் திறந்தால் பார்வையற்றவருக்குக் கேட்பது பல சமயம் "படம், ஐஎம்ஜி அடிக்கோடு 2041" என்ற கோப்புப் பெயர் மட்டும். படத்துக்கு ஒரு மாற்று வாசகம் எழுதிவைக்க இடம் இருக்கிறது. "வெல்லப்பாகில் செய்த கடலைமிட்டாய், 200 கிராம் பாக்கெட்" என்று எழுதினால் அது அப்படியே ஒலிக்கும். அதே வாசகத்தைத் தேடுபொறியும் படித்துக்கொள்ளும்.

தலைப்புகளும் அப்படித்தான். தலைப்பு என்று குறியிடாமல் எழுத்தை வெறுமனே பெரிதாக்கித் தடித்துப் போட்டால் பார்க்கிறவர் ஏமாந்துபோவார், கேட்கிறவர் ஏமாற மாட்டார். என்விடிஏவில் எச் விசையை அழுத்தினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். குறி இல்லாத தலைப்பு அவருக்குத் தலைப்பே இல்லை. சிவப்பு மையால் 'இது தலைப்பு' என்று எழுதினார்களே, அதைச் செய்யாமல் விட்டதன் பலன்.

எங்கே வைப்பது, யார் பெயரில் வைப்பது என்பதைக் கடைசியாகச் சொல்வது வழக்கம். உண்மையில் பணம் கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது இது. ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கைக்கு வந்துவிட்டால், அச்சகமே மூடினாலும் நோட்டீஸ் இருக்கும். வலைப்பக்கம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதிதாக வரவேண்டும். கேட்பதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் அமைப்பை பால் மொக்கபெட்ரிஸ் 1983ல் வடிவமைத்தார். அதற்கு முன்பு வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில், ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. இன்று .காம் பெயரை ஒருவர் விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்குத்தான் எடுக்கலாம், அதிகபட்சம் 10 ஆண்டு. தவணை தவறிப் பெயர் நீக்கப்பட்டால் மீட்டெடுக்க 30 நாள் இருக்கும், கூடுதல் கட்டணத்தோடு. அதையும் விட்டால் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் கடை முதலாளியுடையதாக இருக்கட்டும், பக்கம் செய்து கொடுத்த பையனுடையதாக வேண்டாம். அவனுக்கு அடுத்த வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்துவிடும். தவணை கட்டச் சொல்லி வரும் மின்னஞ்சல் அவன் பழைய இன்பாக்ஸில் யாரும் திறக்காமல் கிடக்கும்.